சாலையைக் கொடுத்த தீவு

"பத்து மணிக்கு ரோட்டை மூடிடுவாங்க. மூடினா மூடினதுதான், சாயங்காலம் வரைக்கும் தாண்ட முடியாது. சாப்பாட்டைக் கையோட எடுத்துக்கங்க." நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் முந்தின இரவே எச்சரித்திருந்தார். என் மகள்தான் அதைத் தமிழில் சொன்னாள். 2023 ஜூன் மாதம், ஐல் ஆஃப் மேன் தீவில், கர்க் மைக்கேல் என்ற கிராமம். ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டோம்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண்மணி துடைப்பத்தோடு வெளியே வந்தார். தன் வாசலைப் பெருக்கவில்லை. வாசலுக்கு முன்னால் போகும் தார்ச் சாலையைப் பெருக்கினார். வண்டிகள் வாரியிறைத்த பொடிக்கல்லை ஒதுக்கி, குனிந்து, ஒரு கூழாங்கல்லைக் கையால் எடுத்துத் தன் வீட்டுத் தொட்டிச் செடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் சாலை மூடப்பட்டது. பந்தயம் தொடங்கியதும் முதல் வண்டி அந்த இரண்டு வீட்டு வரிசைக்கு நடுவே போனது. வந்தது என்று சொல்ல முடியாது, போனது என்றுதான் சொல்ல முடியும். சட்டை நெஞ்சோடு ஒட்டி அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை, சூடான ரப்பர் வாசம் மட்டும் இருந்தது.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் 38 வருடம் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தியவன் நான். லிவர்பூலில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள், "எதைப் பார்க்கணும் அப்பா, லண்டனா?" என்று கேட்டபோது, நான் சொன்ன பெயர் இந்தத் தீவுதான். லிவர்பூலில் கப்பல் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். எனக்கோ அந்த ஊருக்குப் போய்ச் சேர ஐம்பது வருடம் ஆயிற்று.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரியிடம் 1973-இல் சேர்ந்தேன். பட்டறைப் பின்சுவரோரம், ராணுவ ஏலத்தில் வந்த ஒரு நார்ட்டன் 16எச் நின்றிருக்கும். சனிக்கிழமை மாலை கிரீஸ் கையைக் கழுவுவதற்கு முன் அதைத் துடைப்பது என் வேலை. "கண்ணு, இந்தப் பேரைப் பாத்துத் துடை. மொதல் டி.டி. பந்தயத்துல ஜெயிச்ச பேரு இது" என்பார். டி.டி. என்றால் டூரிஸ்ட் ட்ரோஃபி. அந்த இரண்டு எழுத்து அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

பந்தயம் பிறந்ததே ஒரு 'முடியாது' என்ற பதிலால்தான். 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனின் சாலைகளில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடவும் அந்த நாட்டு நாடாளுமன்றம் இசையவில்லை. மோட்டார் வண்டிச் சங்கத்தின் செயலாளர் ஜூலியன் ஓர்ட் 1904-இல் ஐல் ஆஃப் மேனுக்குப் போனார். அந்தத் தீவு பிரிட்டிஷ் அரசரின் ஆளுகையில் இருந்தாலும், டின்வால்ட் என்ற தனி நாடாளுமன்றம் அதற்கு உண்டு. தன் சாலைக்குத் தானே சட்டம் போட்டுக்கொள்ளும் ஊர். ஆளுநராக இருந்த ராக்லன் பிரபு ஓர்ட்டுக்கு உறவினர். சாலையை மூடிப் பந்தயம் நடத்த அந்த ஆண்டே டின்வால்ட் சட்டம் இயற்றியது. முதலில் கார்கள் ஓடின, பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன.

1907 மே 28. செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் 25 பேர் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சுற்று, பத்து முறை. அந்தப் பந்தயத்தின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊரில் வண்டி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை குடுக்குதுங்க?" என்பதுதானே? முதல் டி.டி.யிலும் அதே கேள்வி இருந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி ஒரு காலன் பெட்ரோலில் 90 மைல் ஓட வேண்டும், இரட்டை சிலிண்டர் 75 மைல். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 32, 27 கிலோமீட்டர். பெட்ரோலை அளந்துதான் கொடுத்தார்கள். நடுவில் பத்து நிமிடக் கட்டாய ஓய்வும் உண்டு. ஊர்ப்பயணம் போகிறவன் நம்பி ஏறக்கூடிய வண்டி எது என்று பார்க்கும் சோதனை அது. 'டூரிஸ்ட்' என்ற சொல் பெயரில் வந்தது அதனால்தான்.

ஒற்றை சிலிண்டரில் மேட்ச்லெஸ் வண்டி ஓட்டிய சார்லி காலியர் வென்றார். 4 மணி 8 நிமிடம் 8 விநாடி, சராசரி வேகம் மணிக்கு 61 கிலோமீட்டர். மேட்ச்லெஸ் அவருடைய குடும்பத் தொழில், ஓட்டிய வண்டி சொந்த வீட்டில் செய்தது. இரட்டை சிலிண்டரில் வென்றவர் ரெம் ஃபௌலர். பெஜோ எஞ்சின் பொருத்திய நார்ட்டன் அவருடையது. முன் டயர் வெடித்துக் கீழே விழுந்தார். பெல்ட்டும் பிளக்கும் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தன. விட்டுவிடலாம் என்று அவர் நினைத்த நேரத்தில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், உன் பிரிவில் அரை மணி நேரம் நீதான் முன்னால் இருக்கிறாய் என்று சொன்னாராம். டயரை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். என் மேஸ்திரி சொன்ன முதல் வெற்றி இதுதான். அன்றைக்கு ஃபௌலர் ஓட்டியதோடு எவ்வளவு ரிப்பேரும் பார்த்திருக்கிறார் என்பது, ஸ்பேனர் பிடித்தவனுக்குத்தான் உறைக்கும்.

1911-இல் பந்தயம் பெரிய சுற்றுக்கு மாறியது. தலைநகர் டக்ளஸில் கிளம்பி, ஊர்களையும் வயல்களையும் கடந்து, ராம்ஸியில் திரும்பி, ஸ்னேஃபெல் மலையின் தோளில் ஏறி இறங்கும் வழி. இன்றைய அளவில் 60.7 கிலோமீட்டர், 200-க்கும் மேற்பட்ட வளைவுகள், கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏற்றம். மலை வந்ததும் வண்டியின் உடம்பே மாற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவை பெல்ட்டில் ஓடின, ஏற்றத்தில் பெல்ட் வழுக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த இந்தியன் என்ற பெயருடைய வண்டியில் செயினும் இரண்டு கியரும் இருந்தன. அந்த ஆண்டு, பெரிய வண்டிகள் ஓடும் சீனியர் பந்தயத்தில் இந்தியன் ஓட்டிய ஆலிவர் காட்ஃபிரே முதலிடம் பெற்றார், அடுத்த இரண்டு இடங்களும் இந்தியனுக்கே கிடைத்தன. வழியில் அனுமதியில்லாத இடத்தில் பெட்ரோல் நிரப்பியதற்காக, இரண்டாவதாக வந்த காலியர் நீக்கப்பட்டார். இன்று நம் வீட்டு வண்டியில் செயினும் கியரும் சாதாரணமாக இருக்கின்றன என்றால், அந்த மலையேற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதே 1911-இல் பயிற்சியின்போது கிளென் ஹெலன் அருகே விக்டர் சரிட்ஜ் விழுந்து இறந்தார். டி.டி.யின் முதல் உயிர்ப்பலி.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் நார்ட்டனின் காலம். கம்பெனியை உருவாக்கிய ஜேம்ஸ் நார்ட்டன் 1924-இல் அலெக் பென்னட் சீனியர் பந்தயத்தில் வென்றதைக் கண்டார், அடுத்த ஆண்டு காலமானார். ஜிம்மி சிம்ப்சன் என்பவரை இங்கே மறக்கக் கூடாது. ஒரு சுற்றில் சராசரி 60 மைல், 70 மைல், 80 மைல் என்று மூன்று எல்லைகளையும் முதலில் தொட்டவர் அவர். ஆனால் வென்றது ஒரே ஒரு டி.டி., அதுவும் 1934-இல். வேகமாகப் போவது ஒன்று, கடைசிவரை போய்ச் சேர்வது வேறொன்று. என் பட்டறையில் வேலை கற்ற பையன்களுக்கெல்லாம் சிம்ப்சன் கதையைச் சொல்லித்தான் பிஸ்டன் கிளியரன்ஸ் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்.

1935 சீனியர் பந்தயத்தை நேரில் பார்க்காமல் போனேனே என்று இன்றும் எனக்கு ஏக்கம் உண்டு. இந்தப் பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். எதிரி கண்ணில் இருக்க மாட்டான், கடிகாரம்தான் எதிரி. அன்று நார்ட்டனில் ஜிம்மி கத்ரி முதல் ஆளாகக் கிளம்பினார். இத்தாலியின் மோட்டோ கூட்ஸியில் அயர்லாந்துக்காரர் ஸ்டான்லி வுட்ஸ் பதினான்கு நிமிடத்துக்கு மேல் கழித்துப் புறப்பட்டார். ஏழு சுற்று, 425 கிலோமீட்டர். கடைசிச் சுற்றுக்கு முன் வுட்ஸ் பெட்ரோலுக்கு நிற்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவருடைய ஆட்களும் அதற்குத் தயாராவது போலவே நின்றார்கள். வுட்ஸ் நிற்கவில்லை, அப்படியே போய்விட்டார். கத்ரி வந்து சேர்ந்தார், கைகுலுக்கி வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். பிறகு வுட்ஸ் வந்தார். கடிகாரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்கு விநாடி வித்தியாசத்தில் வென்றவர் வுட்ஸ். டேங்கில் எத்தனை சொட்டு மிச்சம் இருந்ததோ, அதைக் கணக்குப் போட்டுத் துணிந்தவனுக்கே அந்தக் கோப்பை போனது. வுட்ஸ் மொத்தம் பத்து டி.டி. வென்றார்.

1949-இல் மோட்டார் சைக்கிளுக்கு உலக சாம்பியன் பட்டம் தொடங்கியபோது, அதன் முதல் போட்டி நடந்த இடமும் இதே தீவுதான். சீனியரில் ஹரால்ட் டேனியல் நார்ட்டனில் வென்றார். பந்தயத்தின் பொன்விழா ஆண்டான 1957-இல் ஸ்காட்லாந்துக்காரர் பாப் மெக்கின்டயர் கிலேராவில் ஒரு சுற்றை மணிக்கு 101.12 மைல் சராசரியில் முடித்தார், நம் கணக்கில் சுமார் 163 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் நூறு மைலை முதலில் தாண்டியவர் அவர். சீனியர் பந்தயம் அந்த ஆண்டு எட்டுச் சுற்று, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

ஜப்பானியர் வந்த கதையை மெக்கானிக் என்ற முறையில் நான் தலைவணங்கிச் சொல்வேன். 1954-இல் சோய்ச்சிரோ ஹோண்டா தன் ஊழியர்களுக்கு, நாம் டி.டி.யில் கலந்துகொள்வோம், வெல்வோம் என்று எழுத்தில் அறிவித்தார். அந்த ஆண்டே தீவுக்குப் போய்ப் பார்த்தார். ஐரோப்பிய வண்டிகளின் சக்தி தன் வண்டியைவிடப் பல மடங்கு என்று கண்டார். சோர்ந்து போகாமல், செயின், ரிம், கார்பரேட்டர் என்று பந்தய உதிரிபாகங்களை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். ஐந்து வருடம் கழித்து, 1959-இல் முதன்முதலாக ஹோண்டா 125 சிசி பந்தயத்தில் இறங்கியது. நவோமி டானிகுச்சி ஆறாவதாக வந்தார், குழுவுக்கான பரிசும் கிடைத்தது. 1961-இல் 125, 250 சிசி இரண்டிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கே. 1963-இல் 50 சிசி பந்தயத்தில் சுசூகியில் மிட்சுவோ இட்டோ வென்றார். டி.டி. வென்ற ஒரே ஜப்பானியர் இன்றுவரை அவர்தான். என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஜப்பானியத் தொழில்நுட்பம். அந்த நுட்பம் பரீட்சை எழுதித் தேறிய கூடங்களில் ஒன்று இந்த மலைச் சாலை.

1961-இல் ஹோண்டாவுக்காக இரண்டும், நார்ட்டனில் சீனியரும் ஆக ஒரே வாரத்தில் மூன்று வென்றவர் மைக் ஹெயில்வுட். 1967 சீனியரில் ஹோண்டாவில் அவரும், எம்.வி. அகுஸ்டாவில் ஜியாகோமோ அகோஸ்தினியும் மோதியதை டி.டி.யின் தலைசிறந்த போட்டி என்பவர்கள் பலர். ஓட்டத்தின்போது ஹெயில்வுட்டின் ஆக்சிலரேட்டர் கைப்பிடி கழன்றுகொண்டது. பெட்ரோலுக்கு நின்றபோது ஒரு சுத்தியல் வாங்கி, அதை அடித்து இறுக்கிவிட்டுப் போனார்! பட்டறையில் நானும் எத்தனையோ முறை செய்த வேலைதான், ஆனால் மணிக்கு 175 கிலோமீட்டர் சராசரியில் சாதனைச் சுற்று ஓட்டும் அந்த நாளில், அந்தக் கைப்பிடியை நம்பி மறுபடி மலை ஏற யாருக்குத் துணிவு வரும்? ஐந்தாவது சுற்றில் அகோஸ்தினியின் செயின் அறுந்தது. வென்றவர் ஹெயில்வுட். பதினொரு வருட இடைவெளிக்குப் பிறகு 1978-இல், 38 வயதில், டுகாட்டியில் அவர் திரும்பி வந்து வென்ற செய்தி கிடைத்த அன்று, எங்கள் மேஸ்திரி பட்டறையில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார்.

அதற்குள் பந்தயத்தின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. 1972 ஜூன் 9 அன்று, இத்தாலியின் கில்பர்டோ பார்லோட்டி 125 சிசி பந்தயத்தில் விழுந்து இறந்தார். அன்றே சீனியரை வென்ற அவருடைய நண்பர் அகோஸ்தினி, இனி இங்கே ஓட்ட மாட்டேன் என்று முடிவெடுத்தார், வரவும் இல்லை. மற்ற பெரிய வீரர்களும் ஒதுங்கினார்கள். 1976-க்குப் பிறகு உலக சாம்பியன் பட்டியலிலிருந்து டி.டி. நீங்கியது. மலைத் தடத்தில் இதுவரை இறந்தவர்கள் 250 பேருக்கும் மேல். நான் அங்கே இருந்த அதே பந்தய நாட்களில் ஸ்பெயின் வீரர் ராவுல் டோரஸ் மார்ட்டினெஸ் உயிரிழந்தார். அன்றிரவு வீட்டுக்கார அம்மாள் எங்களுக்குச் சோறு பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் எழுந்து போனார். வென்றவர்களின் பெயரை மட்டும் எழுதி இந்த வரலாற்றை முடிக்க எனக்கு மனம் ஒப்பாது.

உலகப் பட்டம் போன பிறகும் பந்தயம் நின்றதா என்றால், இல்லை. அதைத் தூக்கி நிறுத்தியவர் வடக்கு அயர்லாந்தின் பாலிமனி ஊர்க்காரர் ஜோயி டன்லப். மதுக்கடை நடத்திக்கொண்டு, தன் எஞ்சினைத் தானே பிரித்துக் கோத்தவர். 1985-இல் அவரும் மற்ற வீரர்களும் தீவுக்குப் போகக் கிளம்பிய மீன்பிடிப் படகு மூழ்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். அந்த வருடம் ஜோயி மூன்று பந்தயம் வென்றார். ருமேனியா, போஸ்னியா, அல்பேனியா நாட்டு அனாதை இல்லங்களுக்குத் துணியும் உணவும் ஏற்றிய வண்டியைத் தானே தனியாக ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். 2000-இல், 48 வயதில், மறுபடி ஒரே வாரத்தில் மூன்று. மொத்தம் 26 வெற்றி. அதற்கடுத்த மாதம், ஜூலை 2, எஸ்டோனியாவின் தாலின் நகரில் மழை ஈரத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். மலைமேல் பங்களோ என்ற இடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. வண்டிமேல் உட்கார்ந்து கீழே போகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அருகே போனேன்.

ஜோயியின் தம்பி ராபர்ட்டும், ராபர்ட்டின் மகன் வில்லியமும் அயர்லாந்துச் சாலைப் பந்தயங்களில் பலியானவர்கள். இன்னொரு மகன் மைக்கேல் டன்லப் 2024-இல் பெரியப்பாவின் 26-ஐத் தாண்டினார். ஒரு குடும்பம் இவ்வளவு கொடுத்த பிறகும் அதே வீட்டிலிருந்து ஒருவர் அந்தச் சாலைக்கு வருகிறார் என்றால், அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல நான் யார்? ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது எனக்குக் கைதட்டுவதற்கு முன் கண் கலங்குகிறது.

நார்ட்டனின் கதையை முடித்துவிடுகிறேன். 1961-க்குப் பிறகு நீண்ட காலம் சீனியர் பந்தயத்தில் அந்தப் பெயர் வெல்லவில்லை. 1992-இல் ஸ்டீவ் ஹிஸ்லப் வெள்ளை நிற நார்ட்டனில், யமஹா ஓட்டிய கார்ல் ஃபோகார்ட்டியை 4.4 விநாடியில் முந்தி வென்றார். அது பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சின். பிறகு கம்பெனி பல கை மாறி நொடித்தது. 2020 ஏப்ரலில் அதை வாங்கியது, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் நம் டி.வி.எஸ். நிறுவனம். ஊரடங்கில் பட்டறையை மூடி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் செய்தியைப் படித்தேன். மேஸ்திரி உயிரோடு இருந்திருந்தால் அந்த நாளிதழை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்.

வேகம் எங்கே போயிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 1907-இல் காலியரின் சராசரி 61 கிலோமீட்டர். நான் அங்கே இருந்த 2023-இல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை மணிக்கு 136.358 மைல் சராசரியில் ஓட்டினார், சுமார் 219 கிலோமீட்டர். நூறு வருடச் சொச்சத்தில் மூன்றரை மடங்கு. ஆனால் 1911-இல் வந்த வழி பெரும்பாலும் மாறவில்லை. அதே ஊர், அதே கல்சுவர், அதே வீட்டு வாசல். போர்க் காலங்களிலும், 2001-இல் கால்நடைக்குக் கோமாரி வந்தபோதும், கொரோனாவின் இரண்டு வருடங்களிலும் பந்தயம் நடக்கவில்லை. மற்றபடி ஆண்டுதோறும் அந்தத் தீவு தன் சாலையைச் சில மணி நேரத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் காத்திருக்கிறது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டறையை மூடுவதற்கு முந்தைய வருடங்களில், ராத்திரி அவிநாசி சாலையில் பந்தயம் விட்ட வண்டிகள் திங்கட்கிழமை காலை என்னிடம் வரும். ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கி. ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்தவர் அதை ஓட்டிய பையனின் அப்பா. "ரெடி பண்ணுங்க, வித்துரலாம்" என்றார். பையனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்.

தம்பிகளா, வேகம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் வாழ்நாளே அதற்குச் சேவை செய்து போனது. ஆனால் டி.டி. வீரன் போகும் சாலையில் எதிரே பால் வண்டி வராது, பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே ஓடாது. சட்டம் போட்டு மூடி, ஊர் சேர்ந்து பெருக்கிக் கொடுத்த சாலை அது. அங்கேயே 250-க்கு மேல் உயிர் போயிருக்கிறது. யாரும் மூடித் தராத சாலையில் நீங்கள் யாரை வெல்லப் போகிறீர்கள்? நம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் அங்கே போங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போங்கள், செயினையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுப் போங்கள்.